போட்டோகிராபருக்குப் பாராட்டு விழா எடுப்பது எப்படி?

ஆகஸ்ட் மாதம் பிறந்துவிட்டால் ஊருக்கு ஒரு புகைப்படக் கலைஞராவது தேவைப்படுகிறார். படம் எடுக்க அல்ல, பாராட்ட. 19ஆம் தேதி உலகப் புகைப்பட நாள். அதற்குள் ஓர் ஆளைப் பிடித்து, மேடையேற்றி, பொன்னாடை போர்த்தி, கையில் ஒரு ஷீல்டைக் கொடுத்துக் கீழே இறக்கிவிட வேண்டும். போட்டோ, வீடியோ கலைஞர் சங்கங்கள், அரிமா சங்கங்கள், கல்லூரிகளின் விஸ்காம் துறைகள், கேமரா விற்கும் கடைகள் என்று பலரும் இந்தத் திருப்பணியில் இறங்குகிறார்கள். போதிய அனுபவம் இல்லாததால் சிலர் உண்மையிலேயே கௌரவித்துத் தொலைத்துவிடுகிறார்கள். அப்படி எதுவும் நடந்துவிடாமல் இருக்கத்தான் இந்தக் கையேடு.

முதலில் கொஞ்சம் வரலாறு. வரவேற்புரை ஆற்றுபவருக்கு எப்படியும் வேண்டும். 1839 ஆகஸ்ட் 19 அன்று பாரிஸில் அறிவியல் கழகமும் நுண்கலைக் கழகமும் சேர்ந்து கூடிய கூட்டத்தில், லூயி டாகேரின் டாகேரோடைப் முறை உலகத்தின் முன் விளக்கப்பட்டது. விளக்கியவர் பிரான்சுவா அராகோ. விஞ்ஞானி, அரசியல்வாதி, சொன்னால் நடக்கும் ஆள். பிரெஞ்சு அரசு அந்தக் கண்டுபிடிப்பை வாங்கி மனிதகுலத்துக்கே இலவசமாக வழங்கியது என்று மேடையில் சொல்லுங்கள், கைதட்டல் நிச்சயம். அதற்கு ஐந்து நாள் முன்னதாகவே இங்கிலாந்தில் டாகேர் சார்பில் காப்புரிமை பதிவாகிவிட்டது என்பதை மட்டும் சொல்ல வேண்டாம். மனிதகுலத்தில் ஆங்கிலேயர்கள் மட்டும் காசு கொடுத்துத்தான் படம் பிடிக்க வேண்டியிருந்தது. டாகேருக்கு ஆண்டுக்கு 6,000 பிராங்க் ஓய்வூதியம் கிடைத்தது. இந்த வேலையை அவருக்கு முன்பே தொடங்கி, 1833இல் பாதியில் இறந்துபோன நிசெஃபோர் நியெப்ஸின் பங்காக அவருடைய மகனுக்கு 4,000.

ஆனால் பாராட்டு விழாக்களின் உண்மையான குலதெய்வம் டாகேர் அல்ல, இப்போலித் பயார். பிரெஞ்சு நிதித்துறையில் சாதாரண ஊழியர். டாகேர் வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் படம் பிடித்தார் என்றால், பயார் தாளிலேயே நேராகப் படம் விழச் செய்தார். அந்த ஆகஸ்ட் கூட்டத்துக்கு முன்பே, ஜூன் 24ஆம் தேதி, நிலநடுக்க நிவாரண நிதிக்காக நடந்த ஒரு நிகழ்ச்சியில் தம் படங்களைப் பொதுமக்கள் பார்வைக்கும் வைத்துவிட்டார். அராகோ ஏற்கெனவே டாகேர் பக்கம் நின்றுவிட்டதால் பயாரைத் தட்டிக்கொடுத்து ஓரமாக உட்கார வைத்தார். கருவி வாங்கிக்கொள்ள 600 பிராங்க் கொடுத்தார்கள். நம்மூர் விழாவில் கவரில் வைத்துத் தரும் போக்குவரத்துப் படிக்கு இதுதான் முன்னுதாரணம். 1840இல் பயார் ஒரு படம் எடுத்தார். அதில் அவரே மேல் உடம்பில் துணியில்லாமல், கண்மூடிச் சாய்ந்து, நீரில் மூழ்கிச் செத்த பிணமாகக் கிடக்கிறார். டாகேருக்கு அள்ளிக் கொடுத்த அரசாங்கம் இந்த மனிதனுக்கு எதுவும் செய்வதற்கில்லை என்று கைவிரித்ததால் மூழ்கிப்போனான் என்று படத்தின் பின்பக்கம் எழுதியும் வைத்தார். பிறகு 1887 வரை நன்றாகவே வாழ்ந்தார்.

ஆகவே, ஒருவருக்குச் செய்யும் மரியாதையிலேயே இன்னொருவரை அவமதிக்க வசதி இருக்கிறது என்பதைக் குழுவினர் மனதில் கொள்ள வேண்டும். முன்வரிசையில் உட்கார வைக்க அப்படி ஒருவரைத் தயாராக வைத்திருங்கள். ஆளில்லாத ஊரே கிடையாது.

இனி விருதுக்கு உரியவர். வயது எழுபதைத் தாண்டியிருப்பது நல்லது. தொழிலை விட்டுப் பல வருஷம் ஆகியிருந்தால் இன்னும் நல்லது. தொழிலில் இருப்பவரைக் கூப்பிட்டால், "அன்னைக்கு முகூர்த்தம் சார்" என்பார். இல்லாவிட்டால் போன வருஷ விழாவைப் படமெடுத்ததற்கு நீங்கள் வைத்திருக்கும் பாக்கியை ஞாபகப்படுத்துவார். பொறுமை காப்பதில் நமக்கு நாடே வழிகாட்டி. இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஹோமாய் வியாரவாலா. செங்கோட்டையில் கொடி ஏறியதை எடுத்தவர், மவுண்ட்பேட்டன் நாட்டை விட்டுக் கிளம்பியதை எடுத்தவர், காந்தி, நேரு இருவரின் இறுதி ஊர்வலங்களையும் எடுத்தவர். தன் காரின் எண்பலகையில் டி.எல்.டி. 13 என்று இருந்ததை வைத்து 'டால்டா 13' என்று தனக்குத் தானே புனைபெயர் சூட்டிக்கொண்டவர். 1970இல் கேமராவைக் கீழே வைத்தார். பத்ம விபூஷண் 2011இல் வந்தது. அப்போது அவருக்கு வயது 97. அடுத்த ஜனவரியில் காலமானார். எவ்வளவு நிதானம் பாருங்கள். ஒரு மாவட்டச் சங்கத்திடம் நாற்பது ஆண்டுப் பொறுமையை எதிர்பார்க்க முடியாதுதான். இருபதாவது பொறுக்கலாம்.

உள்ளூரில் தேடினால் பஸ் ஸ்டாண்டுப் பக்கமோ தேரடியிலோ ஒரு பழைய ஸ்டுடியோக்காரர் இருப்பார். அவரைப் பற்றி மேடையில் பேச விரிவான தகவல் தேவையில்லை. 'இவர் எடுக்காத படமில்லை, பார்க்காத பிரமுகரில்லை' என்று சொன்னால் போதும். அவர் என்ன வேலை செய்தார் என்று விசாரிக்கப் போய்விடாதீர்கள். விசாரித்தால் இருட்டறைக்குப் பக்கத்தில் கிடக்கும் ரீடச்சிங் மேசையைக் காட்டுவார். சாய்வான மரச்சட்டம், நடுவில் பால் கண்ணாடி, பின்னாலிருந்து வெளிச்சம். அதன் மேல் நெகட்டிவ்வை வைத்து, பிடிமானத்துக்கு ஒரு திரவத்தை லேசாகத் தடவி, ஊசி முனைபோல் சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே போவார்கள். முகத்தில் இருக்கும் அம்மைத் தழும்பு நெகட்டிவில் வெளிறிய பொட்டாகத் தெரியும். அதைப் பென்சிலால் நிரப்பினால் பிரிண்டில் கன்னம் சமமாகிவிடும். கொஞ்சம் கூடினால் அந்த இடத்தில் வெள்ளைத் திட்டு விழுந்து காட்டிக்கொடுத்துவிடும். கைநடுக்கம் உள்ளவனுக்கு இந்த வேலை கிடையாது. பெண் பார்க்க அனுப்பும் படம், வேலைக்கு விண்ணப்பிக்கும் படம் என்று ஊரில் பாதிப் பேருடைய வாழ்க்கை இந்தப் பென்சில் முனையைத் தாண்டித்தான் போயிருக்கிறது.

அது மட்டுமா, நடுராத்திரியில் யாராவது வந்து கதவைத் தட்டுவார்கள். பெரியவர் தவறிப்போய்விட்டார், வீட்டில் அவருடைய படம் ஒன்றுகூட இல்லை. கேமராவையும் மூன்றுகால் ஸ்டாண்டையும் தூக்கிக்கொண்டு போய், நாற்காலியில் உட்கார வைத்திருக்கும் பிணத்தையும் சுற்றி நிற்கும் குடும்பத்தையும் எடுத்துவிட்டு வர வேண்டும். பல வீடுகளில் மாலை போட்டு மாட்டியிருப்பது அந்தப் படம்தான். உயிரோடு இருப்பவரைப்போல் கண்ணைத் திறந்து வரைந்து கொடுத்ததும் இதே பென்சில்தான். பாராட்டுரையில் இதையெல்லாம் சேர்த்தால் கூட்டம் அமைதியாகிவிடும். விழாவுக்கு அது ஆகாது.

அடுத்தது அழைப்பிதழ். தலைமை, முன்னிலை, வரவேற்புரை, எட்டுப் பேர் வாழ்த்துரை, சிறப்புரை, நன்றியுரை எல்லாம் போட்ட பிறகு இடம் மிச்சமிருந்தால் விருது பெறுபவரின் பெயரைப் போடலாம். பிளெக்ஸ் போர்டிலும் அப்படியே. மாவட்டத் தலைவர் ஆளுயரம், செயலாளர் மார்பளவு, பொருளாளர் கைகூப்பி. விருது பெறுபவர் மூலையில் ஒரு வட்டத்துக்குள். இதில் நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு. ஐம்பது வருஷம் ஊரையே எடுத்தவரிடம் அவருடைய படம் உருப்படியாக ஒன்று இருக்காது. கவலை வேண்டாம், ஆதார் அட்டையில் இருப்பதை செல்போனில் எடுத்து, இழுத்துப் பெரிதாக்கி ஒட்டிவிடுங்கள். வாழ்நாள் சாதனையாளர் அதில் தேடப்படும் குற்றவாளியைப்போல் தெரிவார். ஆதார் அட்டையில் யார்தான் வேறு மாதிரித் தெரிகிறார்கள்?

சிறப்பு விருந்தினர் விஷயத்தில் கவனம் தேவை. புகைப்படம் பற்றித் தெரிந்தவரை அழைக்காதீர்கள். அவர் அரை மணி நேரம் பேசுவார், அதுவும் புகைப்படத்தைப் பற்றியே பேசுவார். தெரியாதவர் ஐந்தாவது நிமிஷத்தில், "நான் சின்ன வயதில் ஒரு பெட்டி கேமரா வைத்திருந்தேன்" என்று ஆரம்பித்துத் தன் வாழ்க்கைக்குப் போய்விடுவார். அதுவே நல்லது.

பொன்னாடை போர்த்தும் கட்டம்தான் விழாவின் உயிர். சால்வையை இரண்டு கைகளாலும் அகல விரித்து, கேமராக்கள் பக்கம் முகத்தைத் திருப்பி, பல்லைக் காட்டியபடி அப்படியே நிற்க வேண்டும். போர்த்திவிட்டால் படம் முடிந்துவிடும், ஆகவே போர்த்தக் கூடாது, போர்த்தப் போவதுபோல் நிற்க வேண்டும். முன்னால் நிற்கும் பையன்கள், "சார், இன்னொரு தடவை", "அண்ணே, கொஞ்சம் விலகுங்க" என்று குரல் கொடுப்பார்கள். விலகச் சொல்வது பெரும்பாலும் விருது பெறுபவரைத்தான். சரிகைக் கரைக்குப் பின்னால் அவர் முகம் மறைந்திருக்கும். இந்த இடத்தில் ஓர் ஆபத்து இருக்கிறது. பெரியவர் தொழிலை விட்டிருந்தாலும் தொழில் அவரை விட்டிருக்காது. பொன்னாடைக்குள் இருந்துகொண்டே, "தம்பி, பின்னாடி எல்.இ.டி. ஸ்கிரீன் எரியுது பாரு, இப்படியே எடுத்தா முகம் கருத்துடும். பிளாஷைச் சீலிங்குக்குத் திருப்பு" என்று பாடம் எடுக்கத் தொடங்கிவிடுவார். பையன் திருப்புவான். அந்த ஒரு படம் மட்டும் நன்றாக வரும். அடுத்த நாள் எல்லாரும் முகநூலில் போட்டுக்கொள்வது அதைத்தான்.

விழாவைப் படமெடுப்பதற்குத் தனியாக ஆள் போட்டுச் செலவு செய்யாதீர்கள். புகைப்படக்காரர்கள் விழாதானே, மண்டபம் முழுக்கக் கேமரா. விருது பெறுபவரின் சிஷ்யனிடம், "உங்க குருநாதருக்குச் செய்யறதில்லையா" என்றால் வாயைத் திறக்க மாட்டான். கடைசியில் குரூப் போட்டோ. நூறு பேரை மூன்று வரிசையில் நிறுத்துவது எப்படி என்று யாருக்கும் தெரியாது. பொன்னாடையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டுப் பெரியவரே இறங்கிவந்து உயரம் பார்த்து நிறுத்துவார், குழந்தைகளைத் தரையில் உட்கார வைப்பார், கேமராவையும் வாங்கிக்கொள்வார். பள்ளிக்கூடக் குரூப் போட்டோ எடுத்தே மகளுக்குக் கல்யாணம் செய்தவருக்கு அது பெரிய காரியமில்லை. அன்றைய நாயகர் இல்லாத படமாக அது அமைந்துவிடும். நாற்காலியில் கிடக்கும் பொன்னாடையை மடித்து எடுத்து வையுங்கள், வரும் ஞாயிற்றுக்கிழமை இன்னொரு விழா இருக்கிறது.

பட்டம் கொடுப்பதில் செலவே இல்லை. ஒளி ஓவியர், கேமராக் கவிஞர், நிழற்படச் செம்மல், லென்ஸ் வேந்தர் என்று எதையும் கொடுக்கலாம். ஏற்கெனவே யாருக்காவது கொடுத்திருக்கிறோமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே தாலுகாவில் இரண்டு லென்ஸ் வேந்தர்கள் இருந்தால் எல்லைத் தகராறு வரும். ஆங்கில எழுத்துகளில் நம்பிக்கை உள்ளவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. 1853இல் லண்டனில் தோன்றிய ராயல் போட்டோகிராபிக் சொசைட்டி, 1950இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் உருவான சர்வதேசக் கூட்டமைப்பான ஃபியாப் இவையெல்லாம் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளச் சில எழுத்துகளைத் தருகின்றன. ஏ.ஆர்.பி.எஸ்., எஃப்.ஆர்.பி.எஸ்., ஏ.எஃப்.ஐ.ஏ.பி., இ.எஃப்.ஐ.ஏ.பி. என்று போகும். கடைசியாகச் சொன்னதில் வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம், வைரம் என்று படிகள் உண்டு. நகைக்கடை விளம்பரம் கேட்பதுபோல் இருக்கும். ஃபியாப் எழுத்துகளுக்குப் பல நாட்டுப் போட்டிகளுக்கு நுழைவுக் கட்டணம் கட்டிப் படம் அனுப்பி, ஏற்கப்பட்ட எண்ணிக்கையைச் சேர்த்துக்கொண்டே வர வேண்டும். வலை வீசும் மீனவர், பீடி பற்றவைக்கும் சுருக்கம் விழுந்த தாத்தா ஆகிய இருவரும் தமிழ்நாட்டிலிருந்து அதிக நாடுகளுக்குப் போய்வந்தவர்களாக இருப்பார்கள்.

இந்த எழுத்துகளை முழுசாகக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. வங்கியிலோ பள்ளிக்கூடத்திலோ வேலை பார்த்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் வேடந்தாங்கலுக்கு வண்டியை விடுகிற ஒருவருக்கு, நடுவர்கள் பெயரையே பார்க்காமல் படத்தை மட்டும் பார்த்துக் கொடுக்கும் மதிப்பு வேறு எங்கே கிடைக்கும்? சிபாரிசு அங்கே செல்லாது. இன்னொன்றும் உண்டு. கண்காட்சி நடத்தி, சட்டம் மாட்டி, படங்களைப் பத்திரமாகத் திருப்பி அனுப்பி, சங்கத்துக்கென்று உழைத்துத் தன் படமெடுக்கும் நேரத்தையே தொலைத்தவர்களுக்காக அந்த ஃபியாப் தனியாக ஒரு கௌரவம் வைத்திருக்கிறது. நம்மூர் விழாக்களில் அப்படிப்பட்டவர் நாற்காலி போட்டுக்கொண்டிருப்பார்.

பணம். இந்தப் பேச்சையே எடுக்காதீர்கள். கலைஞனைப் பணத்தால் அளக்கக் கூடாது என்று ஒரு வரி பேசினால் கணக்கு நேராகிவிடும். கேமரா கம்பெனி ஒன்றையும் ஆல்பம் பிரிண்ட் போடும் லேப் ஒன்றையும் பிடித்தால் அவர்களே மேடை, சாப்பாடு, ஷீல்டு எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்வார்கள். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிற சுகமே தனி. ஷீல்டு கேமரா வடிவத்தில் இருக்கட்டும், விளம்பரதாரர் பெயர் பெரிதாகவும் பெற்றவர் பெயர் எழுத்துப் பிழையோடும் இருக்கட்டும்.

சிலர் கெட்ட முன்னுதாரணம் காட்டியிருக்கிறார்கள், அவர்களைப் பின்பற்றாதீர்கள். 2022இல் புகைப்படக் கலைஞர் தயாநிதா சிங்குக்கு ஸ்வீடனின் ஹாசல்பிளாட் விருது கிடைத்தது. புகைப்பட உலகில் அதற்கு மேல் ஒரு விருதைச் சொல்வது கடினம். வாங்கியவர் வீட்டு அலமாரியில் வைத்துப் பூட்டாமல், கிராமப்புற இந்தியாவை ஆவணப்படுத்தும் பாரி அமைப்போடு சேர்ந்து ஆவணப் புகைப்படத்துக்கென்று ஒரு விருதை ஏற்படுத்தினார். முதல் விருது, 2 லட்சம் ரூபாய், எம். பழனிக்குமாருக்குப் போனது. மதுரைக்காரர், மீன் விற்ற தாயின் மகன். மலக்குழிக்குள் இறக்கப்பட்டுச் செத்த தொழிலாளர்களின் வீடுகளுக்குப் போய் வருஷக்கணக்கில் படமெடுத்தவர். அவரும் சும்மா இருக்காமல் துப்புரவுத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கேமரா பிடிக்கச் சொல்லிக்கொடுக்கிறார். இதில் மாலை எங்கே, மரியாதை எங்கே, மாவட்டத் தலைவர் எங்கே? பணம் நேராகத் தேவைப்பட்ட கைக்குப் போய், அங்கிருந்து அடுத்த கைக்குப் போனால் விழா என்ற அமைப்பே ஆட்டம் கண்டுவிடும்.

நிறுவனங்களைக் கௌரவிக்கும் விதி இன்னும் எளிது. மூடும்வரை காத்திருக்க வேண்டும். நம் மண்ணில் இதற்கு ஆங்கிலேயர் காலத்திலேயே பிள்ளையார் சுழி போட்டாயிற்று. மதராஸ் ராணுவத்தில் கேப்டனாக இருந்த லினேயஸ் டிரைப் 1850களில் மதராஸ் அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார். ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சை என்று கருவிகளையும் ரசாயனங்களையும் தூக்கிக்கொண்டு 1858இல் சுற்றினார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளத்தில் ஒரே படமாக்கினார். கல்வெட்டைக் கையால் பார்த்து எழுதினால் பிழை வரும், படத்தில் வராது என்று அன்றைக்கே செய்து காட்டிய வேலை அது. 1859இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெலியன் கணக்கைப் பார்த்தார். அரசின் நிதி நிலைமைக்கு இது ஆகாத ஆடம்பரம் என்று முடிவுகட்டி அந்தப் பிரிவையே மூடிவிட்டார். இன்று டிரைப்பின் படங்கள் லண்டன், நியூயார்க் அருங்காட்சியகங்களில் பாதுகாக்கப்படுகின்றன. மூடியதால் வந்த மரியாதை என்று எடுத்துக்கொள்ளலாம்.

சுதந்திர இந்தியாவும் சளைத்ததல்ல. ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் என்ற பொதுத்துறை ஆலையை 1960இல் தொடங்கினார்கள், 1967இல் உற்பத்தி ஆரம்பமானது. ஃபிலிமில் ஒரு தூசி ஒட்டினாலும் படத்தில் அது மச்சமாகத் தெரியும். அதனால்தான் தூசி குறைந்த குளிர்ந்த காற்றைத் தேடி மலையேறினார்கள். 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிம், பிரிண்ட் போடும் தாள், ஆஸ்பத்திரிக்கு எக்ஸ்-ரே ஃபிலிம் எல்லாம் அங்கிருந்து இறங்கின. வெளிநாட்டுச் சரக்கு லேசில் கிடைக்காத காலத்தில் சின்ன ஊர் ஸ்டுடியோக்கள் பிழைத்துக் கிடந்ததில் இந்த ஆலைக்குப் பங்குண்டு. தரம் பற்றி ஸ்டுடியோக்காரர்கள் திட்டிக்கொண்டேதான் வாங்கினார்கள், அது வேறு விஷயம். கலர் வந்தது, அதில் ஆலையால் சொந்தக் காலில் நிற்க முடியவில்லை. கடன் ஏறியது, இறக்குமதி திறந்துவிடப்பட்டது. 1990களின் நடுவில் நலிந்த ஆலை என்று எழுதினார்கள். மிச்சத்தை டிஜிட்டல் பார்த்துக்கொண்டது. தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்து 2010களில் கதவைச் சாத்தினார்கள். ஊட்டியில் இந்து நகர் என்ற பெயர் மிஞ்சியிருக்கிறது. இனி தாராளமாக விழா எடுக்கலாம். சம்பள பாக்கி கேட்டு யாரும் மேடைக்கு முன்னால் நிற்க மாட்டார்கள்.

மூடாமல் பிடிவாதமாக நடந்துகொண்டிருக்கும் நிறுவனங்கள் விஷயத்தில் என்ன செய்வது? புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. 1956 முதல் தென்னாட்டுக் கோயில்களைத் தூண் தூணாக, சிலை சிலையாகப் படமெடுத்து வைத்திருக்கிறார்கள், ஒரு லட்சத்துக்கும் மேலான படங்கள். யாரும் போகாத சின்னக் கோயில் என்றும் பாராமல் போனார்கள். ஸ்ரீபுரந்தான் நடராஜரும் விருத்தாசலம் அர்த்தநாரீசுவரரும் திருடுபோய், கப்பலேறி, ஆஸ்திரேலிய அருங்காட்சியகங்களில் நின்றபோது, இவை இந்தக் கோயில்களில் இருந்தவைதாம் என்று காட்ட உதவியவை இந்தத் தொகுப்பின் படங்கள். 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் இரண்டையும் தில்லியில் ஒப்படைத்தார். செய்திகளில் பிரதமர்கள் பெயர் வந்தது, சிலை கடத்தியவர் பெயர் வந்தது. கோயில் இருட்டில் விளக்குப் பிடித்து ஷட்டரை அழுத்தியவர் பெயரைத் தேடித்தான் பார்க்க வேண்டும். இதே நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, 1880 முதல் 1980 வரையிலான தமிழக ஸ்டுடியோக்களின் படங்களையும் கண்ணாடி நெகட்டிவ்களையும் தேடிப்பிடித்து டிஜிட்டலாக்கியது. தாமதமாகப் போன இடங்களில் எல்லாம் கரையான் முந்திக்கொண்டிருந்தது, அல்லது வெள்ளிக்காரர். பழைய நெகட்டிவில் வெள்ளி இருக்கிறது, எடைக்கு வாங்க ஆள் வருவார்கள். ஒரு ஊரின் நூறு வருஷத்து முகங்களை எடைக்குப் போட்டுவிட்டுத்தான் அந்த ஊரில் ஸ்டுடியோக்காரருக்கு விழா எடுப்போம்.

யாரையெல்லாம் கௌரவிக்கக் கூடாது என்பதற்கும் ஒரு பட்டியல் வைத்துக்கொள்வது நல்லது. ஹைப்போ வாசனையிலேயே காலம் தள்ளிய டார்க் ரூம் ஆள், கல்யாண மண்டபத்தில் லைட் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு பந்தி முடியும்வரை சாப்பிடாமல் நின்ற பையன், பூஞ்சை பிடித்த லென்ஸைப் பிரித்துத் துடைத்துத் திரும்பப் பூட்டித் தரும் மெக்கானிக், ஆல்பம் பைண்டிங் போடுபவர். இவர்கள் எல்லாம் மேடையேறினால் மேடை தாங்காது. படத்துக்குள் இருப்பவரை அழைப்பதும் வழக்கமில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு கடலூரில் ராய்ட்டர்ஸ் புகைப்படக்காரர் ஆர்கோ தத்தா எடுத்த படம், மண்ணில் விழுந்து உள்ளங்கைகளை விரித்து அழும் பெண்ணும் ஓரத்தில் இறந்தவரின் ஒரு கையும் மட்டும் தெரிவது, வேர்ல்ட் பிரஸ் போட்டோ அமைப்பின் அந்த ஆண்டுக்கான தலைசிறந்த படமாகத் தேர்வானது. தகுதியான படம், சந்தேகமில்லை. அழுதவர் பக்கம் எந்த விருது விழாவும் திரும்பிப் பார்ப்பதில்லை.

விழா முடிந்த மறுநாள் பத்திரிகைக்குச் செய்தி அனுப்ப வேண்டும். கூடவே விருது பெற்றவர் எடுத்த பழைய படம் ஒன்றையும் அனுப்புங்கள். யார் எடுத்தது என்று போட வேண்டாம். 'நன்றி: கூகுள்' என்று போடுங்கள், அல்லது 'படம்: இணையம்'. தமிழில் மிக அதிகமாகப் படம் எடுத்துக் குவித்திருக்கும் கலைஞர்கள் இவர்கள் இருவரும்தான். சட்டம் தெரிந்த யாராவது குறுக்கே வருவார்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, எடுக்கச் சொன்னவருக்கே போகும். அதாவது கல்யாணப் படம் கல்யாண வீட்டுக்கு. ஆனால் இதை எடுத்தது நான்தான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை அதே சட்டம் எடுத்தவரிடமே விட்டுவைக்கிறது, உரிமையை எழுதிக்கொடுத்த பிறகும்கூட. எந்தப் படத்துக்கும் எடுத்தவரின் ஆயுளும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும் உரிமை உண்டு என்று 2012இல் திருத்தினார்கள். பெயர் போடுவதற்குப் பொன்னாடை வேண்டாம், மண்டபம் வேண்டாம், எட்டுப் பேர் வாழ்த்துரை வேண்டாம். படத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி. அதனால்தான் யாருக்கும் அதில் ஆர்வமில்லை.

விழாக் குழுவினருக்கு இவ்வளவு போதும். எந்தக் குழுவிலும் இல்லாத வாசகரிடம் ஒரு வேண்டுகோள். பீரோவிலிருந்து வீட்டுக் கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பின் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். ரப்பர் ஸ்டாம்பில் ஸ்டுடியோவின் பெயரும் தெருவும் இன்றைக்கு அடித்தால் போகாத ஒரு போன் நம்பரும் இருக்கும். கடை இன்னும் இருந்தால் ஒரு நடை போய், பழைய நெகட்டிவ் பெட்டிகள் இருக்கின்றனவா என்று கேளுங்கள். இருந்தால், எடைக்குப் போடுவதற்கு முன்னால் புதுச்சேரிக்கு ஒரு கடிதம் எழுத அவருக்கு உதவுங்கள். ஆல்பம் பாக்கி ஏதாவது நின்றுபோயிருந்தால் அதையும் கையோடு கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். அவர் கணக்கு நோட்டில் அது இன்னும் இருக்கும்.